பசைக்கு முந்திய வேலை

1944-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், இந்தியாவிலும் பர்மா முனையிலும் இருந்த பிரிட்டிஷ் மஸ்கிட்டோ விமானங்கள் சில அடுத்தடுத்து விழுந்து நொறுங்கின. மரத்தால் செய்த விமானம் அது. பால்சா, ஸ்ப்ரூஸ், ஒட்டுப்பலகை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது பசை. இறக்கையின் மேல்தோல், உள்ளே ஓடும் ஸ்பார் என்ற முதுகுச்சட்டத்தை விட்டு எழும்புகிறது என்று சந்தேகம் வந்தது.

பழி முதலில் பசைமேல் விழுந்தது. பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை, இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்காமல் விண்டுவிட்டது என்றார்கள். மேஜர் ஹெர்வர்ட் டி ஹாவிலாண்ட் தலைமையில் ஒரு குழு இந்தியா வந்து பார்த்தது. பசை கெடவில்லை, பருவமழையில் மரம் சுருங்கி விரிந்ததுதான் காரணம் என்று டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. பசைக்கு விடுதலை, மழைக்குத் தண்டனை. அதோடு முடியவில்லை. பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சகம் பிறகு சில மஸ்கிட்டோக்களைப் பிரித்துப் பார்த்தது. பருவமழை என்றால் என்னவென்றே அறியாத விமானங்கள் அவை. அவற்றிலும் அதே குறை! தொழிற்சாலையில் மரத்தோடு மரம் சரியாகப் பொருந்தாமலே ஒட்டப்பட்டிருந்தது.

பசை, வானிலை, கடைசியில் கை. ஒட்டு விடும்போதெல்லாம் பழி இந்த வரிசையில்தான் நகரும். விமானத் தொழிலில் ‘சர்ஃபேஸ் பிரிபரேஷன்’ என்ற வேலை, அதாவது பசை தடவுவதற்கு முன்னால் ஒட்டப்போகும் முகத்தைத் தயார் செய்யும் வேலை, இப்படிப் பழி இடம் மாறி மாறித்தான் பிறந்தது. யாரும் உட்கார்ந்து கண்டுபிடித்ததல்ல. பசையைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப் பேருக்குப் பெயர் இல்லை.

பெயர் இருப்பவரில் முதலாமவர் நார்மன் டி புரூய்ன். கேம்பிரிட்ஜ்காரர். இயற்பியல் படித்துவிட்டு விமானப் பைத்தியம் பிடித்து, டக்ஸ்ஃபோர்டில் ஏரோ ரிசர்ச் என்ற நிறுவனத்தை வைத்தார். மரத்துக்கான பசையில் தொடங்கியவர், 1940-களின் தொடக்கத்தில் உலோகத்தை உலோகத்தோடு ஒட்டும் பசையைக் கொண்டுவந்தார். ரிசர்ச், டக்ஸ்ஃபோர்ட் இரண்டையும் சேர்த்து ‘ரீடக்ஸ்’ என்று பெயர் வைத்தார். செய்முறை விசித்திரமானது. பீனாலிக் ரெசினைத் திரவமாகத் தடவி, அதன்மேல் பாலிவினைல் ஃபார்மல் தூளைத் தூவி, அழுத்திச் சூடேற்ற வேண்டும். டி ஹாவிலாண்ட் ஹார்னெட், காமெட் ஆகிய விமானங்களில் இது போனது. பிறகு ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப். மீனம்பாக்கத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஃபோக்கரில் ஏறி இறங்கிய பழைய தலைமுறைக்கு, தாங்கள் உட்கார்ந்து போனது பெருமளவு பசையால் சேர்த்த உடல் என்பது தெரிந்திருக்காது.

அந்த ஒட்டுகள் பல பத்தாண்டுகள் நின்றன. காரணம் பசை மட்டுமல்ல. அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்டவுடன் ஒரு ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். பசை உண்மையில் பிடிப்பது அந்தப் படலத்தைத்தான், அலுமினியத்தை அல்ல. படலம் பலவீனமாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த பசையாக இருந்தாலும் அது படலத்தோடு சேர்ந்தே உரிந்து வரும். ஐரோப்பியர்கள் குரோமிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, உறுதியான படலத்தை வேண்டுமென்றே வளர்த்தார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் அமிலத்தில் அரித்தெடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். புழுக்கமான நாடுகளில் நின்ற விமானங்களில் ஒட்டு விடத் தொடங்கியது. மறுபடி பசைமேல் பழி, பிறகு ஈரத்தின்மேல். 1970-களில் போயிங், பாஸ்பாரிக் அமிலத்தில் படலம் வளர்க்கும் முறைக்கு வந்து சேர்ந்தது. ஒட்டிய இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஓர் ஆப்பை அடித்து, சூடும் ஈரமுமான பெட்டிக்குள் வைத்து, விரிசல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்கும் சோதனையும் அந்தக் காலத்தில்தான் நிலைபெற்றது. இழுத்துப் பார்த்தால் நல்ல ஒட்டும் கெட்ட ஒட்டும் முதல் நாள் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆப்பு அடித்து ஈரத்தில் வைத்தால்தான் சாயம் வெளுக்கும்.

அதற்கு முன்பே கட்டப்பட்ட விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று, 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரையை இழந்தது. ஏறக்குறைய 18 அடி நீளத்துக்குத் தோல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்ற அனைவரோடும் விமானம் மௌயி தீவில் இறங்கியது ஆச்சரியம். 89,680 முறை ஏறி இறங்கிய விமானம் அது. தகடு தகட்டின்மேல் ஏறும் இணைப்புகளில், சூடேற்றாமலே இறுகும் பசை நாடாவை வைத்து ஒட்டி, கூடவே ரிவெட்டும் அடித்திருந்தார்கள். சுமையைப் பசை ஏற்க வேண்டும் என்பது கணக்கு. பசை விட்டது, உள்ளே ஈரம் போனது, துரு பிடித்தது, சுமை முழுவதும் ரிவெட் துளைகளின் விளிம்புக்கு வந்தது. துளைக்குத் துளை விரிசல். போயிங் அந்தக் குளிர் ஒட்டு முறையை 1972-லேயே கைவிட்டிருந்தது. அதற்குள் 291 விமானங்கள் அப்படிக் கட்டப்பட்டிருந்தன.

எங்கள் திருத்தணிக்கு அடுத்த ஊர் அரக்கோணம். அங்குள்ள ராஜாளி கடற்படைத் தளத்தில் 2013-இலிருந்து பி-8ஐ ரோந்து விமானங்கள் நிற்கின்றன. மலைக்கோயில் படியில் நின்று மேலே பார்த்தால் சாம்பல் நிறத்தில் தாழ்வாக வளைந்து போகும். அதுவும் 737 குடும்பம்தான். ஆனால் பின்னால் வந்த தலைமுறை, அந்தப் பழைய இணைப்பு முறையோடு எந்த உறவும் இல்லாதது. விமானத்தைப் பார்த்ததும் எஞ்சினையும் வேகத்தையும் பற்றி விசாரிக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம், தோல் எப்படி ஒட்டியிருக்கிறது என்று கேட்கச் சொல்வது என் வழக்கம். ஒருவரும் கேட்பதில்லை.

இனி பிளாஸ்டிக். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் மாணவர்கள் கண்ணாடி நாரும் ரெசினும் கொண்டு செய்த ‘ஃபீனிக்ஸ்’ கிளைடர் 1957 நவம்பரில் பறந்தது. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் உறுதியான கார்பன் நார் தயாரானது. இந்தக் கூட்டுப்பொருட்கள் வந்தபோது ஒட்டுக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. அலுமினியத்தைப் போல ஆக்சைடு தொல்லை இல்லை, துரு இல்லை, அமிலத் தொட்டி இல்லை. பாகமே எபாக்சி, பசையும் எபாக்சி. தன் இனத்தோடு தான் ஒட்டாதா என்ன?

ஒட்டவில்லை. ஏன் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அரக்கோணம் சாலையில் இருக்கும் பஞ்சர் கடையில் எளிதாகப் பார்க்கலாம். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்துக் காயவைத்து, கடைக்காரர் அரத்தை எடுக்கிறார். ரப்பரின் பளபளப்பு போய்க் கரியாக மங்கும்வரை சுரண்டுகிறார். நான் விரலை வைத்துப் பார்க்கப் போனேன்.

“சுரண்டின எடத்துல கை வெக்காதீங்க சார், புடிக்காது.”

சொல்யூஷன் தடவினார். உடனே பேட்ச்சை வைக்கவில்லை. ஊதிவிட்டுக் காத்திருந்தார்.

“அவசரம்னா ஒட்டித் தரேன். காத்து நிக்காது, அவ்ளோதான்.”

ட்யூப் அச்சிலிருந்து வந்தது. அச்சில் ஒட்டாமல் இருக்க உள்ளே ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். அது ட்யூபின் தோலிலும் கொஞ்சம் தங்கும். விமானப் பாகமும் அச்சிலிருந்துதான் வருகிறது. அச்சில் பூசுவது சிலிக்கோன் அல்லது ஃபுளோரின் வகைப் பொருள். அதன் வேலையே எதையும் ஒட்டவிடாமல் செய்வது. வெளியே வந்த கார்பன் பாகம் கண்ணாடிபோல் மின்னும். பார்ப்பவர்கள் சபாஷ் போடுவார்கள். ஒட்டுக்காரருக்கு அந்த மினுமினுப்புதான் முதல் எதிரி.

சுரண்டுவது சொரசொரப்புக்காக, பசை பள்ளத்தில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவு உண்மை, முக்கிய உண்மை அல்ல. திரவமாக இருக்கும் பசை ஒரு பரப்பில் பரவ வேண்டுமானால், அந்தப் பரப்பின் ஆற்றல் பசையின் பரப்பு இழுவிசைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எபாக்சியின் பரப்பு ஆற்றல் சதுர மீட்டருக்கு 40 சொச்சம் மில்லிஜூல். சிலிக்கோன் படிந்த பரப்புக்கு 20 சொச்சம்தான். அதன்மேல் எபாக்சிப் பசையைத் தடவினால் பசை தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளப் பார்க்கும். சுரண்டும்போது நடப்பது அந்தச் செத்த தோலை எடுத்து, புதிதாக உடைந்த, எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கிற ரெசினை வெளியே கொண்டுவருவது. நார் தெரியும்வரை சுரண்டிவிட்டாலும் தப்பு; நார் அறுந்தால் பாகத்தின் பலம் போச்சு. உப்புத்தாளைப் பிடிக்கும் கைக்கு ஒரு மில்லிமீட்டரின் சின்னப் பங்குக்குள் நிற்கத் தெரிய வேண்டும்.

சுரண்டியதும் தூசு. அதைத் துடைப்பதிலேயே ஒரு சாத்திரம் இருக்கிறது. அசிட்டோன் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். மறு கையில் உலர்ந்த துணி. திரவம் காய்வதற்குள் அதால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் பரவலாகப் படிந்து உட்கார்ந்துவிடும், முன்பைவிட மோசமாக. துணி அழுக்காகாமல் திரும்பி வரும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அந்த அறைக்குள் கைக்கு க்ரீம் கிடையாது, தலைக்கு எண்ணெய் வழியக் கூடாது. தொப்பி, கையுறை கட்டாயம். எண்ணெய் வைத்துப் படிய வாரினால்தான் பிள்ளை லட்சணம் என்று வளர்ந்த நமக்கு இது சிரமமான விதி.

தயாரானதா என்று தெரிந்துகொள்ளப் பழைய சோதனை ஒன்று உண்டு. சுத்தத் தண்ணீரைத் தெளிப்பார்கள். தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக அரை நிமிடம் நின்றால் பரப்பு நல்லது. முத்து முத்தாகச் சுருண்டால் மறுபடி உப்புத்தாள். உலோகக் காலத்திலிருந்து வந்த சோதனை. பிறகு அந்தத் தண்ணீரை உலர்த்தியும் ஆக வேண்டும், ஏனெனில் எபாக்சி ஈரம் குடிக்கும் பொருள். பறந்து பழகிய பாகத்தைப் பழுதுபார்க்கும்போது முதலில் அடுப்பில் வைத்துக் காயவைப்பது இதனால்தான். உள்ளே தங்கிய ஈரம், பசையைச் சூடேற்றும்போது ஆவியாகி ஒட்டுக் கோட்டில் குமிழிகளாக வெடிக்கும்.

இத்தனை பாட்டையும் ஒரே துணியால் முடித்துவிடலாம் என்ற ஆசையில் பிறந்தது பீல் ப்ளை. பாகத்தை அடுக்கும்போதே, பின்னால் ஒட்டப்போகும் முகத்தில் கடைசி அடுக்காக ஒரு நைலான் அல்லது பாலியஸ்டர் துணியை வைத்துவிடுவார்கள். எல்லாம் சேர்ந்து சூட்டில் இறுகும். ஒட்டப்போகும் நாளில் துணியின் மூலையைக் குறடால் பிடித்து இழுத்தால் ‘பர்ர்’ என்று உரிந்து வரும். கீழே துணி நெசவின் அச்சு அப்படியே பதிந்த மங்கலான, கைபடாத முகம். உப்புத்தாள் வேண்டாம், தூசு இல்லை, கைத்திறன் தேவையில்லை. தொழிற்சாலை மேலாளர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன?

இந்த இனிப்பைக் கசப்பாக்கியவர்கள் ஜான் ஹார்ட்-ஸ்மித்தும் ஆஸ்திரேலிய விமானப்படையில் ஒட்டுப் பழுதுகளைப் பார்த்துவந்த மாக்ஸ் டேவிஸும். டக்ளஸ் விமான நிறுவனத்தில் ஒட்டு இணைப்புகளின் கணக்கைப் போட்டவர் ஹார்ட்-ஸ்மித். அவர்கள் இன்னொருவரோடு சேர்ந்து 1996-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நைலான் பீல் ப்ளையைச் சாபம் என்றார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு பள்ளமும் ஒரு நைலான் இழையின் வழவழப்பான வார்ப்பு. ரெசின் உடைந்த புது முகம் இழைகளுக்கு நடுவே கொஞ்சம்தான். துணி சுலபமாக உரிய வேண்டும் என்று அதற்குப் பூச்சும் பூசியிருந்தால், அந்தப் பூச்சு கீழே தங்கிவிடும். சுலபமாக உரிகிற துணியே சந்தேகத்துக்குரியது. இவர்கள் சொன்ன வைத்தியம் பழையதுதான்: துணியை உரி, பிறகு மணலடித்தோ தேய்த்தோ அந்த முகத்தை எடு. பீல் ப்ளை கொஞ்சக் காலம் அழுக்குப் படாமல் மூடிவைக்கும் போர்வை, அவ்வளவுதான்.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. துணியும் ரெசினும் பசையும் பொருத்தமான ஜோடியாக அமைந்தால், தேய்க்காமலே நல்ல ஒட்டு வரும் என்று காட்டியவர்கள் உண்டு. அதில் ஒன்றை மாற்றினால் பழைய சோதனை செல்லாது என்பதையும் அவர்களே சொல்வார்கள். எனக்கு ஹார்ட்-ஸ்மித் பக்கம்தான் சாய்வு. அவர் வாதம் சரி என்பதோடு, கெட்ட ஒட்டைப் பின்னால் கண்டுபிடிக்க வழியில்லை என்பதும் காரணம். ஒலியலையை அனுப்பிப் பார்த்தால் இடைவெளி இருந்தால் தெரியும், குமிழி தெரியும். இரண்டு முகமும் தொட்டுக்கொண்டு, ஆனால் ஒட்டாமல் இருந்தால்? ஒலி தடையின்றிக் கடந்து போய்விடும். தொழிலில் இதற்கு ‘கிஸ்ஸிங் பாண்ட்’ என்று பெயர். உறுதியை அளந்து சொல்லும் கருவியைத்தான் உலகம் இன்னும் தேடுகிறது.

தொட்டுக்கொண்டு ஒட்டாத முகம் என்ன செய்யும் என்பதற்கு ராக்கெட் உலகில் ஒரு சாட்சி. 1986 ஏப்ரல் 18 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க்கில் டைட்டன் 34டி ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் வெடித்தது. திட எரிபொருள் மோட்டாரின் உறைக்குள் ஒட்டியிருந்த ரப்பர் காப்பு, உறையை விட்டிருந்தது. நெருப்பு அந்தச் சந்துவழியே போய் உறையை எரித்தது. எங்கள் மலையிலிருந்து வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கிருந்து எழும் கோட்டை இங்கிருந்தே பார்க்கலாம். அந்தக் கோட்டின் நுனியிலும் உறையும் ரப்பரும் ஒட்டிக்கொண்டுதான் போகின்றன.

இந்தியா இந்தக் கதைக்குள் வந்தது சற்று வேறு வாசல் வழியாக. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் செய்த ஹன்சா என்ற இரண்டு இருக்கை விமானம் 1993 நவம்பரில் பறந்தது, முழுக்கக் கூட்டுப்பொருள். அந்த அளவு விமானங்களில் ஓடுகளைத் தனித்தனியே வார்த்து ஒட்டுவது உலக வழக்கம். போர் விமானம் என்று வந்தபோது கணக்கு மாறியது. தேஜஸின் உடற்கட்டில் எடைக்கு ஏறக்குறைய 45 சதவீதம் கூட்டுப்பொருள். வெளித்தோலில் 90 சதவீதத்துக்கும் மேல். அத்தனையையும் தனித்தனியே இறுக்கி, தேய்த்து, துடைத்து, ஒட்டிக்கொண்டிருந்தால் தப்புக்கு எத்தனை வாய்ப்பு! ஆய்வகம் தேர்ந்துகொண்டது கோ-க்யூரிங். தோலும் அதைத் தாங்கும் விலாச்சட்டங்களும் வேகாத மாவாக இருக்கும்போதே சேர்த்து அடுக்கி, ஆட்டோக்ளேவ் என்ற அழுத்தக் கலத்தில் 180 டிகிரி அளவுச் சூட்டில் ஒன்றாக இறுக்கிவிடுவது. இரண்டு முகம் என்பதே இல்லாதபோது, எந்த முகத்தைத் தயார் செய்வது? ஒட்டு வேலையின் தொல்லையிலிருந்து தப்ப, ஒட்டையே ஒழித்துவிட்டார்கள். ஆணிகளும் அவற்றுக்கான துளைகளும் ஆயிரக்கணக்கில் குறைந்தன.

இதில் கஷ்டம் வேறு இடத்துக்குப் போனது. சிக்கலான வடிவம் முழுவதையும் ஒரே அச்சில் வைத்து, ஒரே தடவையில் சரியாக வேகவைக்க வேண்டும். ஒரு மூலையில் அழுத்தம் போகாவிட்டால் முழுப் பாகமும் வீண். எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைக்க முடியாத இடத்தில் கோ-பாண்டிங்: வெந்த பாகத்தின்மேல் வேகாததை வைத்துச் சேர்ப்பது. அங்கே வெந்த பாகத்தின் முகத்துக்கு மறுபடி உப்புத்தாளும் வெள்ளைத் துணியும். 2001 ஜனவரி 4-இல் முதன்முதலாகப் பறந்த தேஜஸின் அணிகள் கோவைக்குப் பக்கத்தில் சூலூரிலிருந்தும் பறந்திருக்கின்றன. இறக்கைகளைப் பொருத்தும் வேலையும் கோவைக்கு வந்திருக்கிறது.

ஒட்டை நம்பாதவர்களின் பழக்கமும் தொடர்கிறது. கணக்குப்படி பசையே போதும் என்றாலும் வரிசையின் நுனியில் நாலு ஆணி அடிப்பார்கள். அமெரிக்கப் பொறியாளர்கள் அதைக் கோழை ஆணி என்று கிண்டல் செய்கிறார்கள். சட்டம் அந்தக் கோழைகளின் பக்கம் இருக்கிறது. ஓர் ஒட்டு விட்டால் விமானமே போய்விடும் என்றிருந்தால், அமெரிக்க விமானத் துறை மூன்று வழிதான் தருகிறது. ஒட்டு விட்டாலும் அது பரவாமல் நிறுத்த ஆணியோ வேறு தடுப்போ இருக்க வேண்டும். அல்லது ஒவ்வொரு பாகத்தையும் முழுச் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். அல்லது பாகத்தைப் பழுதாக்காமல் உறுதியை அளக்கும் சோதனை இருக்க வேண்டும். மூன்றாவது வழியில் போக இன்றுவரை கருவி இல்லை.

அதனால் இப்போது கவனமெல்லாம் ஒட்டுவதற்கு முந்திய மணி நேரத்தில். மின்னேற்றிய வாயுவை ஊதிப் பரப்பை எழுப்பும் பிளாஸ்மா, லேசரால் மெல்லத் தோல் சீவுவது என்று கைத்திறனை இயந்திரத்துக்கு மாற்றும் முயற்சிகள் நடக்கின்றன. தண்ணீர் தெளித்துக் கண்ணால் பார்த்த இடத்தில், ஒரே ஒரு துளியை வைத்து அது எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்று கேமராவால் அளக்கும் கையடக்கக் கருவி வந்திருக்கிறது.

எது வந்தாலும் ஒரு பழக்கம் மாறவில்லை. பெரிய பாகத்தை ஒட்டும் அன்றே, அதே துணியால் துடைத்து, அதே டப்பாப் பசையில், அதே ஆள் சின்னப் பட்டைகள் சிலவற்றையும் ஒட்டி, அதே சூட்டில் இறுக்குவார். பிறகு அவற்றை இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பிய்ப்பார்கள். எத்தனை கிலோவில் பிய்ந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, பிய்ந்த முகத்தை லென்ஸில் பார்ப்பார்கள். பசை நடுவில் கிழிந்து இரு பக்கமும் ஒட்டியிருந்தால், அல்லது கார்பன் அடுக்கே பிய்ந்து வந்திருந்தால், பெரிய பாகம் அடுத்த அறைக்குப் போகும். ஒரு பக்கம் பசை முழுசாகவும் மறுபக்கம் துடைத்த மாதிரிச் சுத்தமாகவும் இருந்தால், எண் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அன்றைய பாகம் தள்ளுபடி.